வண்டிக்கு ஒரு சைலன்சர்

கடைக்காரர் மேசைமீது எடுத்து வைத்தது ஒரு கறுப்புக் குழாய். ஒரு சாண் நீளம்கூட இருக்காது. மரகதம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இத்தனூண்டு இருக்குது. நம்ம பைக்குக்கு இது சேருங்களா?" என்றாள்.

கணவன் நஞ்சுண்டனுக்கு அது கேட்கவில்லை. அவள் அவனுடைய கேட்காத வலது காதுப் பக்கம் நின்றிருந்தாள். அமெரிக்கரான கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டு, துப்பாக்கி முனையில் திருகுவதுபோலக் கையைச் சுழற்றிக் காட்டினார்.

கோபியில் பிறந்த யாருக்கும் சைலன்சர் என்றால் வண்டியின் புகைக்குழாய்தான். சில வாரங்களுக்கு முன், துப்பாக்கியும் வண்டிச் சாமானும் விற்கும் இதே கடையில் அவளுடைய கைரேகையையும் எடுத்தார்கள். குடும்ப டிரஸ்ட் பெயரில் வாங்குவதால் அதில் இருக்கும் இருவருடையதும் வேண்டும் என்றான் நஞ்சுண்டன். "ஒரு பைக் சைலன்சருக்கு இத்தன கெடுபிடியா! நம்மூர்ல மெக்கானிக் பத்து நிமிசத்துல மாட்டிடுவானுங்க" என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். திருத்தவில்லை.

காரில் ஏறியதும் அவன் பக்கம் திரும்பி, அவனுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "வண்டிக்குன்னு நெனச்சேனுங்க."

"சொன்னா நீ சைன் பண்ணிருப்பியா புள்ள? சுடறப்போ காதுக்குச் சத்தம் கொறையத்தான் வாங்குனேன். ஒரு பக்கம் போயிருச்சு. இன்னொண்ணும் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டார். ரோஷினி பேசறதே பாதி கேக்கறதில்ல. ரெண்டாந்தடவ கேட்டா 'நெவர் மைண்ட், டாட்'டுன்னு போயிடறா. லீகலாத்தான் வாங்கிருக்கேன். போட்டோ, கைரேகை, பேக்கிரவுண்ட் செக், எல்லாம் பாத்துத்தான் அப்ரூவ் பண்ணிருக்காங்க."

எல்லாம் உண்மைதான். அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் வேலை போனபிறகு ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நா இல்லீன்னாலும் நீங்க ரெண்டு பேரும் சமாளிச்சுக்குவீங்க" என்று அவன் சொன்னதை யாரும் அவளிடம் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் சொல்லியிருப்பாளா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து, துப்பாக்கிப் பெட்டி இருக்கும் கராஜுக்குள் அவன் போனால் அவள் தண்ணீர்க் குழாயை மூடுவாள், மிக்ஸியை நிறுத்துவாள். சத்தம் வராதவரை அவன் இருக்கிறான். அதுதான் அவளுடைய கணக்கு. சத்தமே இல்லாத துப்பாக்கி என்றால் அவள் எதைக் கேட்டுக்கொண்டு நிற்பது?

"சத்தமே வராதுங்களா?" என்றாள்.

"அதெல்லாம் சினிமாலதான். கொஞ்சம் கொறையும்."

"நீங்க சுட்டுப் பழகற ரேஞ்சுக்கு நானும் வர்றேனுங்க."

அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அவள் ஒருமுறைகூட வந்ததில்லை. "நீயா? வெடிச் சத்தத்துக்கே தீபாவளிக்குக் கதவச் சாத்துவியே!" என்றான். வெகுநாளைக்குப் பிறகு அவன் குரலில் கொஞ்சம் மலர்ச்சி இருந்தது. அது அவளை இன்னும் கலங்க வைத்தது.

கேட்டி நகரைத் தாண்டி, வெயிலில் காய்ந்த புல்வெளியில் இருந்தது ரேஞ்ச். நஞ்சுண்டன் குழாயைத் துப்பாக்கி முனையில் பொறுமையாகத் திருகினான். அவளுக்குக் காதுக்கவசத்தை மாட்டிவிட்டு, அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தான். பிறகு போய்க் குனிந்து குறி பார்த்தான்.

அவள் ஒரு பக்கக் கவசத்தை மெல்லத் தூக்கிவிட்டாள்.

தகரக் கதவை யாரோ ஓங்கிச் சாத்தினாற்போல ஒரு சத்தம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சமையலறையில் நின்றால், இடையில் ஒரு சுவர், ஒரு கதவு. எதிர்வீட்டுக் கார்க் கதவும் இப்படித்தான் கேட்குமா?

நஞ்சுண்டன் துப்பாக்கியை மேடையில் வைத்துவிட்டுத் திரும்பியவன் பதறினான். "காத மூடு புள்ள! என்ன பண்ற?"

"இன்னொருக்கா சுடுங்க."

"எதுக்கு?"

"எனக்குப் பழகோணுமுங்க." அவள் துப்பாக்கியையே பார்த்தாள். "வீட்ல இருக்கறப்போ, இன்ன சத்தம்னு தெரியோணுமில்லீங்க?"

அவனுக்குக் கேட்டதா, அவள் உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொண்டானா தெரியவில்லை. துப்பாக்கியை எடுக்கவில்லை. பக்கத்து மேடைகளில் யார் யாரோ சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அவள் தோள் அதிர்ந்து அடங்கியது. கவசத்தைத் தூக்கிப் பிடித்த கையை மட்டும் அவள் இறக்கவில்லை.