தம்பிக்கு ஓட்டுக் கேட்டவள்

அவளைக் கத்திரி என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்ததால் வந்த பெயர் என்பாள் அவள். வாய்க்காக வந்த பெயர் என்பார் அவள் வீட்டுக்காரர். அவர் எலக்ட்ரீஷியன், அதிகம் பேசாதவர். பேசினால் அப்படி ஏதாவது சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

தம்பி நகரமன்றத் தேர்தலில் நின்றபோது அந்த வாயை முழுசாக அவனுக்கே எழுதிவைத்தாள். கடைக்கு வந்த ஒரு தலையையும் விடவில்லை. ஷாம்பூ நுரையோடு கண்ணை இறுக்கி மூடி உட்கார்ந்திருக்கிறவள் எழுந்து ஓடவா முடியும்? "நம்ம பிரசவ ஆஸ்பத்திரியை மூடப் போறதாப் பேச்சு அடிபடுது. என் தம்பி மூட விடமாட்டான். நம்பி ஓட்டுப் போடுங்க. செய்யலைன்னா என்னை வந்து கேளுங்க" என்பாள்.

தம்பி ஜெயித்தான். தெருவே அவனை மெம்பர் என்று கூப்பிட ஆரம்பித்தது. அவளும் பெருமையில் கொஞ்சம் மிதந்தாள்.

அடுத்த வருஷம் ஒரு காலை நேரம். கணக்கு டீச்சர் முடி வெட்டிக்கொள்ள வந்தார். அந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னார்:

"ஆஸ்பத்திரியை மூட மன்றத்துல முதல் ஓட்டு முடிஞ்சிடுச்சாம். உன் தம்பியும் கை தூக்கினானாம்."

கத்திரியின் கை அந்தரத்தில் நின்றது. "யாரோ கதை கட்டிவிட்டிருக்காங்க, டீச்சர்."

"நானே அவனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஆமான்னான்."

சுவரோரம் முறைக்காகக் காத்திருந்த லாரி டிரைவரின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக எழுந்து பக்கத்தில் வந்தாள். "அக்கா, செய்யலைன்னா வந்து கேளுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? இதோ கேக்கறேன்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் கத்திரியைச் சுருக்கென்று குத்தியது. கத்திரியின் இரண்டாவது மகளும் அந்த ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள், கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டு. ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்று டாக்டரே சொன்னார்.

அன்றைக்கே தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி கொண்டுவந்து வைத்த டீயைத் தொடவில்லை.

"அது கட்சி எடுத்த முடிவு, அக்கா. நான் ஒருத்தன் கை தூக்கலைன்னா மட்டும் என்ன ஆயிடப்போவுது?"

"ஒவ்வொரு ஓட்டும் முக்கியம்னு வீடு வீடாச் சொன்னது யாரு? உனக்குப் போடுற ஓட்டு மட்டும்தான் முக்கியமா? நீ போடுற ஓட்டு முக்கியமில்லையா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியற மாதிரி சொல்லேன். உக்காந்துதானே இருக்கேன்."

அவன் எழுந்து சட்டையை மாட்டினான். "வீட்டுக்கு நீ எப்ப வேணா வா. ஆபீஸ் சமாச்சாரத்தை வீட்டுல பேசாதே."

"சரி," என்றாள் கத்திரி. "ஆபீஸ்லயே பேசிக்கறேன்."

அவன் பொதுமக்களைப் பார்க்கும் நாளில் டீச்சரையும் டிரைவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். உதவியாளர் பதறிப்போய், "நீங்க ஏம்மா இங்க? நேரா உள்ள போங்க" என்றார். "எனக்கு முன்னாடி வந்தவங்க இருக்காங்களே" என்று சொல்லி அசையாமல் இருந்தாள்.

முறை வந்தது. தம்பி தலை நிமிர்ந்தான். முகம் சுண்டிப்போயிற்று. "என்ன அக்கா, இங்கயும் வந்துட்டியா?"

"இந்த வார்டுல ஓட்டுப் போட்டவங்க மூணு பேர் வந்திருக்கோம். எதுக்குக் கை தூக்கினீங்க, மெம்பர்?"

மரியாதை கொடுத்துப் பேசியதுதான் அவனை ரொம்பச் சுட்டது. "முடிஞ்சுபோன விஷயம்" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இன்னொரு ஓட்டு பாக்கி இருக்கு," என்றார் டீச்சர். "அடுத்த கூட்டத்துல. அதைப் பொதுமக்கள் வந்து பாக்கலாம்னு உங்க சட்டத்துலயே இருக்கு. யாரும் வர்றதில்லை, அவ்வளவுதான்."

"வந்து பாருங்க, யார் வேண்டாம்னா?" என்று எரிந்து விழுந்தான்.

அவர்கள் போனார்கள். கத்திரி கடைக்கதவைச் சாத்தினாள். தெருவில் யார் யார் தலையில் கை வைத்திருந்தாளோ அத்தனை பேரையும் கூப்பிட்டிருந்தாள். மன்ற வாசலில் காவலாளி, "யாரைப் பாக்கணும்?" என்று வழி மறித்தார். "எங்க ஆளுங்களை," என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.

பார்வையாளர் மாடத்தில் உடைந்த மேஜைகளை அடுக்கிவைத்திருந்தார்கள். நாற்காலியில் விரல் வைத்தால் கோலம் போடும் அளவுக்குத் தூசு. ஆளாளுக்குத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். கீழே உறுப்பினர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். தம்பி மட்டும் பார்க்கவில்லை.

தலைவர் ரயிலைப் பிடிக்கிறவர் மாதிரி வாசித்தார். ஒவ்வொரு தீர்மானத்தின் முடிவிலும் "ஏற்கிறீர்களா?" என்பார். யார் வாயும் திறந்த மாதிரி தெரியாது, ஆனால் "ஏற்கிறோம்" என்று ஒரு முனகல் கிளம்பும். முதல் ஓட்டுக்குக் கையாவது தூக்கியிருந்தார்கள்; இப்போது ஆஸ்பத்திரியும் அந்த முனகலிலேயே போய்ச் சேரப் பார்த்தது.

கத்திரி எழுந்தாள். "யாருங்க ஏத்துக்கிட்டது? சத்தம் வருது, முகம் தெரியலையே!"

தலைவர் மேஜையைத் தட்டினார். "மேல இருக்கிறவங்க பேசக்கூடாது."

"கீழ இருக்கிறவங்க பேசினா நான் எதுக்குப் பேசப்போறேன்?"

மாடம் மொத்தமும் சிரித்துவிட்டது. கீழேயும் இரண்டொருவர் சிரிப்பை அடக்கினார்கள். தலைவர் காவலாளிக்குச் சைகை காட்டினார். "கையை எடுங்க, எனக்கு நடக்கத் தெரியும்," என்று கத்திரியே வெளியேறினாள்.

 இவ்வளவுதானா, ஒரு வார்த்தையில் முடிந்துபோயிற்றா என்று நினைத்தபடி படி இறங்கும்போதே மாடத்திலிருந்து டிரைவர் மனைவியின் குரல் கேட்டது. "கையைத் தூக்கச் சொல்லுங்க. யார் தூக்கறாங்கன்னு நாங்க பாக்கணும்." அவளையும் வெளியே அனுப்பினார்கள், வயிற்றைப் பார்த்துக் கொஞ்சம் மரியாதையாக. அப்புறம் டீச்சர் எழுந்தார். டீச்சருக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒருத்தியை இறக்கி விட்டுவிட்டுக் காவலாளி மேலே ஏறுவதற்குள் அடுத்தவள் நின்றாள். மனிதருக்கு மூச்சு வாங்கியது.

வெளியே வந்தவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மன்றத்தின் திறந்த கதவுக்கு நேரே, நடையில் கூடி நின்றார்கள். கடைசியில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, "பேர் சொல்லியே கேட்டுடுங்க, தலைவரே. இல்லைன்னா ராத்திரி வரைக்கும் இதுதான்" என்றார். இன்னும் சிலர் தலையாட்டினார்கள். தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

முனகலில் ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தவர்களுக்குத் தங்கள் பெயர் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. சிலர் மூடலாம் என்றார்கள். சிலர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். தம்பியின் முறை வந்தது. கத்திரி கதவை நெருங்கி நின்றாள். அவன் எழுந்து கழுத்துப் பட்டனைத் தடவினான். சின்ன வயசில் பொய் சொல்லப்போகும் முன் அப்படித்தான் தடவுவான். 

"மூடக்கூடாது," என்றான்.

"சத்தமா," என்றார் தலைவர்.

"மூடக்கூடாதுன்னேன்!"

தீர்மானம் மயிரிழையில் தோற்றது. நடையில் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். டிரைவர் மனைவி தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

தம்பி வெளியே வந்ததும் நேராக அக்காவிடம் வந்தான். கண்கள் சிவந்திருந்தன. "திருப்திதானே? கட்சியில இனிமே என்னை ஓரங்கட்டிடுவாங்க. கூடப் பிறந்தவளே என்னைச் சந்தி சிரிக்க வச்சிட்டே."

அவனை அப்படியே அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "இன்னைக்குச் சரியாச் செஞ்சே. சந்தோஷம். ஆனா போன தடவை ஏன் கை தூக்கினே? அதுக்குப் பதில் இன்னும் வரலை."

அவன் காரில் ஏறிப் போய்விட்டான். சொன்ன மாதிரியே கட்சி அவனைக் குழுக்களிலிருந்து கழற்றிவிட்டது. அவனும் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். கடையில் சீப்பை வைத்துவிட்டுச் சில நேரம் அவள் போனையே பார்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்காரர் கவனிப்பார், ஒன்றும் கேட்கமாட்டார்.

ஆஸ்பத்திரியில் டிரைவர் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆனால் மருந்தறை பாதி நாள் பூட்டியே கிடந்தது. அதைக் கேட்க அடுத்த கூட்டத்துக்குக் கிளம்பினார்கள். மாடத்துக் கதவில் பூட்டு. மின் கோளாறு, சரியாகும்வரை பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. கத்திரி வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் கருவிப்பெட்டியோடு வந்து, காவலாளியிடம் பணிவாக, "எங்க கோளாறுன்னு காட்டுங்க சார், காசு வேணாம்," என்றார். காட்டக் கோளாறு இருந்தால்தானே! காவலாளி சாவியை எடுத்தார். பூட்டைத் திறந்துவிட்டார்.

கூட்டம் தொடங்கியது. தலைவர் வாசிக்க வாயெடுத்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். அவள் தம்பி.

"முதல்ல ஆஸ்பத்திரி மருந்தறையைப் பத்திப் பேசணும்," என்றான் அவன். "அதுக்கு முன்னாடி, முதல் ஓட்டுல நான் ஏன் கை தூக்கினேன்னு என் வார்டுக்காரங்களுக்குச் சொல்லியாகணும்."

மாடத்தில் சலசலப்பு எழுந்தது. "உஷ்," என்று அடக்கினாள் கத்திரி. "பேச விடுங்க. முழுசாக் கேப்போம்."