நாலு ஸ்பேஸ்

மதுரைக்குத் தெற்கே ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராமை அழகாக எழுதத் தெரிந்தவன் தான் ஒருவனே என்பதில் ஆஸ்டினுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. சந்தேகம் இருந்தவர்களை அவனே கூப்பிட்டுத் தீர்த்துவைத்தான்.

ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு குடோனின் மாடியில் இருந்தது கம்பெனி. ஆஸ்திரேலியப் பல் டாக்டர்களுக்கு முன்பதிவுப் பக்கம் செய்து தரும் தொழில். அங்கே நமக்கு முந்தி விடிந்துவிடுகிறது. அதனால் ஷிப்ட் காலை ஐந்தரைக்கு. வத்திராயிருப்பு முனீஸ்வரி முதல் பஸ்ஸைப் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி, ஈரத்தலை காயாமல் வந்து உட்காருவாள். கீழே பொதி இறக்கும் தூசி படியேறி வந்து கீபோர்டு இடுக்கில் படியும். எட்டு மணிக்கெல்லாம் கண் எரியும், மணிக்கட்டு இற்றுப்போகும்.

ஆஸ்டின் வந்ததும், முந்தின நாள் மற்றவர்கள் எழுதியதைத் திறந்து அழகுபடுத்துவான். முனீஸ்வரி வரித் தொடக்கத்தில் இரண்டு ஸ்பேஸ் விட்டிருப்பாள், அதை நாலாக்குவான். புரோகிராம் கோடு செய்யும் வேலையில் எந்த மாற்றமும் இருக்காது. ஆனால் அவன் மனசு குளிரும்.

"இதுக்குத்தான் ஃபார்மேட்டர் இருக்கே தம்பி," என்று முனீஸ்வரி முன்பே சொல்லியிருந்தாள். "ஒருக்கா போட்டுவிட்டா, சேவ் பண்ணையிலேயே எல்லார் கோடையும் ஒரே சீரா அடுக்கிரும்."

"யூனிபார்ம் மாட்டிவிட என் கோடு என்ன ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையாக்கா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்தான்.

அந்த வெள்ளிக்கிழமை முதலாளி ஞானரத்தினம் ஒரு தாளோடு மேலே வந்தார். எந்த வரியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று கம்ப்யூட்டர் பெயர் காட்டும். அந்தப் பெயர்களை எண்ணி லிஸ்ட் போட்டிருந்தார்.

"முனீஸ்வரி, ரெண்டு மாசமா நீதாம்மா கடைசி. திங்கக்கிழமையில இருந்து வரவேண்டாம்."

"பணம் கட்டுற பக்கம் முழுக்க நான் எழுதுனது சார்."

"அம்புட்டும் ஆஸ்டின் பேர்லல்லா இருக்கு." முதலாளி அவன் தோளில் கைபோட்டார். "இவனைப் பாத்துப் படிங்க."

பக்கத்து நாற்காலித் தங்கப்பாண்டியன் எழுந்தான். "வீடு கட்டுனது ஒருத்தர். சுண்ணாம்பு அடிச்சவன் பேர்ல பட்டாவா சார்?"

"ஏலே, வியாக்கியானம் பேசாத. எட்டுப் பேர் வேலைக்கு ஏழு பேர் போதும்னு கிளையன்ட் சொல்லுதான். யாரையாவது அனுப்பித்தானே ஆகணும்?"

'நான் ஸ்பேஸ்தான் சார் மாத்தினேன்.' ஒரு வரிதான். தொண்டைவரை வந்தது. தோளில் அந்தக் கை இருந்தவரை ஆஸ்டின் வாயைத் திறக்கவில்லை. கை எடுத்து, முதலாளி படியிறங்கின பிறகும் திறக்கவில்லை.

முனீஸ்வரி தன் திரையை அவன் பக்கம் திருப்பினாள். அவள் எழுதிய வரிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவன் பெயர்.

"எம்புட்டு அழகா இருக்கு, இல்ல தம்பி?"

"அக்கா, நான் சத்தியமா அழகுக்குத்தான்..."

"தெரியும். நீ கெட்டவனா இருந்தாலாவது சண்டை போடலாம்."



"திங்கக்கிழமை இவிய இல்லாம உக்காருவமா?" என்று கேட்டான் தங்கப்பாண்டியன். யாரும் உட்காருவதாக இல்லை. பேச்சு மளமளவென்று வளர்ந்தது. முனீஸ்வரியை நிறுத்தினால் ஒருவரும் ஷிப்டுக்கு வருவதில்லை என்று கடிதம் எழுதுவது. ஃபார்மேட்டரைப் போட்டு மொத்தக் கோடையும் ஒரே ஓட்டாக ஓட்டி, 'எட்டுப் பேர்' என்ற பெயரில் சர்வரில் ஏற்றுவது. அப்புறம் முதலாளி எண்ணட்டும்.

"ஏத்துற பெர்மிஷன் ஒருத்தன்ட்டதான இருக்கு," என்றது ஒரு குரல். ஆஸ்டின் பெயரைச் சொல்லவில்லை. அவனிடம் கேட்கவும் இல்லை. எல்லோரும் கடிதத்தின்மேல் குனிந்தார்கள்.

ஆஸ்டின் எழுந்துபோய்க் கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். "ஸ்பேஸ்தான் மாத்தினேன்னு நானே அவர்ட்ட சொல்லுதேன்," என்றான். தங்கப்பாண்டியன் பேனாவை வாங்கிக்கொண்டு, முதலாளிக்குப் போன் போட்டான். "செத்த நேரம் மேல வாங்க சார். எட்டுப் பேரும் பேசணும்."

ஆஸ்டின் தன் இடத்தில் உட்கார்ந்து, ஃபார்மேட்டரை நிறுவும் கட்டளையைத் தட்டினான். பதினோரு விநாடியில் வந்து இறங்கியது. சேவ் செய்தால் தானே அடுக்கும்படி வைத்தான். விதிகளை எழுதும் கோப்பைத் திறந்தான். வரித் தொடக்கத்தில் எத்தனை ஸ்பேஸ்? நாலு என்றால் அவன் தொட்ட வரிகள் அசையாது. பக்கத்திலிருக்கும் அவன் பெயரும் அசையாது.

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. ஏழு பேரும் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு அவன் பின்னால் வந்து நின்றார்கள்.

இரண்டு என்று போட்டு, மொத்தக் கோடையும் ஓட்டி 'எட்டுப் பேர்' பெயரில் ஏற்றும் கட்டளையை அடித்து, ஆஸ்டின் என்டரைத் தட்டினான்.