வாளித் தண்ணீரில் ஒரு மூச்சு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. எங்கள் தித்திகாகா ஏரித் தவளையைப் பற்றிப் பள்ளி மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள். "எழுதிட்டே இருக்கேன்" என்றேன். எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'இத்தவளை கரையேறுவதில்லை. நுரையீரல் பெயருக்குத்தான். இரண்டு அளவு பெரிதாகத் தைத்த சட்டை மாதிரி தொளதொளக்கும் அதன் தோல்தான் தண்ணீரிலிருந்து மூச்சை—'

அடுத்த வீட்டு செனோன் வாளியோடு வந்ததால் அங்கேயே நின்றுவிட்டது.

2

(செனோனைச் சேர்க்கத் தயங்கினேன். முரட்டு மீனவர், மனைவிமேல் உயிர்: கதைகளில் இப்படி ஆயிரம் பேர். ஆனால் மனிதர் நிஜமாகவே அப்படி இருக்கிறார். நான் என்ன செய்ய?)

அவர் மனைவி இலாரியாவுக்கு மூன்று மாதமாக மூச்சிரைப்பு. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. தவளையைத் தேனும் மாக்காக் கிழங்கும் சேர்த்து அரைத்துக் குடித்தால் நெஞ்சு தேறும் என்பார்கள் எங்கள் பக்கம்.* மிக்சியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் செனோன் ஏரிக்குப் போயிருந்தார்.

*தேறும் என்பதற்கு ஆதாரமில்லை. தவளைகள் குறைந்துவருவதற்கு இருக்கிறது. இதை செனோனிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

3

செனோன் என்னையும் கூட்டிப்போய், இலாரியாவின் கட்டிலருகே வாளியை வைத்தார். உள்ளே தவளை கால்களை ஊன்றி எழுந்தது, தாழ்ந்தது, மறுபடி எழுந்தது.

"பாரு கிழவி, தண்டால் எடுக்குது! என்னா பலம்! அத்தனையும் உனக்குத்தான்."

இலாரியா கட்டில் விளிம்பில் இரு கைகளையும் ஊன்றி, தோள்கள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தார். வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பலமா அது? நின்ன தண்ணில மூச்சு பத்தலய்யா அதுக்கு. இங்க நான் என்ன, தண்டாலா எடுக்கறேன்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதுகிறவன் கலங்கக் கூடாது என்பார்கள், போகட்டும்.

4

முடிவு அ: தவளையை ஏரியில் விட்டார்கள். இலாரியா தேறினார். (பொய். கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: சாற்றைக் குடித்தார், தேறினார். (இதுவும்.)

முடிவு இ: குடிக்காமலே, ஒரு நாள் காலையில் இலாரியா—

(எழுத மாட்டேன்.)

5

இலாரியா வாளிக்குள் கைவிட்டு மெல்ல அளைந்தார். தண்ணீர் சுழன்றது. தவளை அடங்கிப் படுத்தது. அதற்குள் அவருக்கு இரைத்தது. செனோன் அவர் கையை எடுத்துத் தன் சட்டையில் துடைத்துவிட்டு, தன் கையை உள்ளே விட்டார்.

"எவ்வளவு நேரம்டி அளையறது?"

"அதுக்கு மூச்சு வேணுங்கற வரைக்கும்."

"அப்ப உனக்கு?"

படித்தவனாயிற்றே என்று இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் உங்களைப் பார்க்கிறேன்.