அத்தான் கையில் சாண்டர்

அக்கா ஃபோனில் கேட்டது ஒரே ஓர் உதவிதான். வேலை போய் வீட்டிலேயே முடங்கிக் கிடக்கும் தன் வீட்டுக்காரரைத் தம்பி தன்னுடைய மரப்பட்டறையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். "இந்த வேலையும் நிக்கலைனா மனுஷன் உடைஞ்சு போயிடுவாருடா. ஆனா ஒண்ணு, அவரை ஒரு வார்த்தை கடுமையா பேசிடாத" என்றாள். தச்சரான தம்பி தலையை ஆட்டினார். ஃபோனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும் என்று கேட்காதீர்கள், அக்காவுக்குத் தெரியும்.

அன்றைக்கு ஆட்டிய தலையை இப்போது சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அத்தானைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், அப்படி ஒரு நல்ல மனுஷர். காலையில் முதல் ஆளாக வந்து நிற்பார், கூட்டுவார், பலகை தூக்குவார், முகம் சுளிக்க மாட்டார். ஆனால் கையில் சாண்டர் ஏறிவிட்டால் போதும், தச்சருக்குத் தன் வேலையில் கண் நிற்காது. மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்குகிற மின்சார மெஷின் அது. அடியில் உப்புத்தாள், பின்னால் தூசிப்பை, ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பித்தான். அந்தப் பித்தானை அழுத்திவிட்டால் விரலை எடுத்தாலும் மெஷின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒழுங்காக வைத்துக்கொண்டால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

ஒழுங்காவது ஒன்றாவது! தூசிப்பை தலையணை மாதிரி உப்பி நிற்கும், அத்தான் கண்ணுக்கு அது படவே படாது. பிளக்கைப் பிடுங்காமல் மெஷினைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு தாள் மாற்றுவார். தாளில் உள்ள ஓட்டை ஒரு பக்கம், மெஷினின் அடித்தட்டில் உள்ள ஓட்டை ஒரு பக்கம் என்று ஒட்டுவார். தூசி பைக்குள் போகாமல் மோட்டாருக்குள் போய் உட்காரும். மெஷினின் எடையே போதும், சும்மா நகர்த்தினால் தேய்க்கும். இவரோ சப்பாத்திக்கு மாவு பிசைகிறவர் மாதிரி உடம்பு முழுவதையும் போட்டு அழுத்துவார். வாங்கிக் கொடுத்த மாஸ்க் நெற்றியில் இருக்கும், கண்ணாடி பாக்கெட்டில் இருக்கும். தொளதொளவென்று ஒரு முழுக்கைச் சட்டை வேறு, மணிக்கட்டில் பொத்தான் கிடையாது.

தச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போவார். அத்தான் டீ குடிக்கப் போகிற சமயம் பார்த்துப் பையைக் காலி செய்வார், தாளைப் பிய்த்துச் சரியாக ஒட்டுவார், பிரஷ் வைத்து மோட்டார் வாயில் அடைந்திருக்கும் தூசியைத் தட்டுவார். திரும்பி வரும் அத்தான், "பாத்தியா மச்சான், மெஷின் இன்னிக்கு என்னமா இழுக்குது, எல்லாம் கைராசி" என்று சொல்லும்போது தச்சருக்கு ரத்தம் தலைக்கு ஏறும். ஏறி என்ன செய்ய, அக்காவின் முகம் குறுக்கே வந்து நிற்கும்.

நேரே சொல்ல முடியாததை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். சில பேர் பிளக்கைப் பிடுங்காமலே தாள் மாற்றுகிறார்கள், என்றைக்காவது விரல் போகப் போகிறது என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அத்தான் உச்சுக் கொட்டினார். ஆமாம், சில பேருக்குப் பொறுப்பே கிடையாது என்று அவரும் வருத்தப்பட்டார். இதற்கு மேல் ஒரு மனிதன் என்னதான் செய்வான்!

பல் டாக்டர் வீட்டுக்குச் செய்த சாப்பாட்டு மேஜை மறுநாள் காலையில் அங்கே போய்ச் சேர வேண்டும். மேல்பலகை வெனீர் ஒட்டியது, அதாவது அசல் மரத்தைத் தாள் போலச் சீவி ஒட்டியது. அதைத் தச்சரே கையால் பதமாகத் தேய்த்து முடித்திருந்தார், பாலிஷ்தான் பாக்கி. அத்தானிடம் கால்களை மட்டும் தேய்க்கச் சொன்னார், மேல்பலகைப் பக்கம் போகவே வேண்டாம் என்று தேனாகப் பேசிவிட்டுத் திருகாணி வாங்கக் கடைக்குப் போனார்.

போகும்போதும் வரும்போதும் ஒரே யோசனை. இனி தாங்காது. வேலை கொஞ்சம் மந்தம் அத்தான், நானே கூப்பிட்டு அனுப்புகிறேன் என்று சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பிவிட வேண்டியதுதான். யாரையும் புண்படுத்தாத பேச்சு, அக்காவும் குற்றம் சொல்ல முடியாது.

பட்டறையில் கரண்ட் இல்லை. அத்தான் வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டதாம். சாண்டர் எங்கே என்று கேட்டபடி தச்சர் உள்ளே எட்டிப் பார்த்தார். மேல்பலகையின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. பிளக் சுவரில். பித்தான் அமுங்கியபடியே.

அவர் வாயைத் திறப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

மெஷின் உறுமிக்கொண்டு பலகை மேல் துள்ளித் துள்ளி வட்டம் போட்டது. வெனீர் பொடியாய்ப் பறந்தது. "ஐயோ" என்று அத்தான் பாய்ந்து, பிடியை விட்டுவிட்டு அடித்தட்டைப் போய் இரண்டு கையாலும் பிடித்தார். சட்டைக்கை தட்டுக்கும் பலகைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு கையை உள்ளே இழுத்தது. தச்சர் சுவருக்கு ஓடிப் பிளக்கைப் பிடுங்கினார். சத்தம் அடங்கியது. அத்தானின் இரண்டு விரல் நுனியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவ்வளவோடு போனது.

அக்காவுக்குக் கொடுத்த வாக்கு அங்கேயே காற்றில் பறந்தது. "அறிவிருக்கா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பித்தான், பிளக், பை, தாள், மாஸ்க், சட்டை, ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார். ஒவ்வொரு நாளும் பின்னாலேயே வந்து சுத்தம் செய்தது தான்தான் என்றார். கைராசியாம் கைராசி என்றார். 

அத்தான் விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இதெல்லாம் நீ முன்னாடி சொல்லலையே மச்சான்."

"சில பேர்னு சொன்னேனே."

"நான் வேற யாரோன்னு நெனச்சேன்." துணியை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "போன இடத்துலயும் இப்படித்தான். எல்லாரும் நல்லாத்தான் சிரிச்சுப் பேசுனாங்க. திடீர்னு ஒரு நாள், வேலை மந்தமா இருக்கு, கூப்பிட்டு அனுப்புறோம்னாங்க. அதுக்கு முந்தின இடத்துலயும் அதேதான். நான் என்ன தப்பு செஞ்சேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

தச்சருக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. கடை வழியெல்லாம் தேனில் குழைத்துக்கொண்டு வந்த பேச்சும் அதே வார்த்தைகள்தான். நல்லவன் என்று பெயர் வாங்க இந்த மனுஷனை இன்னொரு தடவை கண்ணைக் கட்டி வாசலில் விடப் பார்த்தேனே என்று அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

அத்தான் எழுந்து வந்து பலகையைத் தடவிப் பார்த்தார். வெனீர் கிழிந்து அடிப்பலகை வெள்ளையாகப் பல்லைக் காட்டியது. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடுமா என்று மெதுவாகக் கேட்டார்.

பரவாயில்லை அத்தான், பார்த்துக்கலாம் என்று சொல்ல வாய் தானாகவே போயிற்று. தச்சர் அதை மென்று முழுங்கினார்.

"ஆகாது. பலகை போச்சு. நீங்கதான் கெடுத்தீங்க."

அத்தான் தலையை ஆட்டினார். கோபிக்கவில்லை. துணி சுற்றிய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கிக் கேட்டார்.

"அப்ப நாளைக்கு வரட்டுமா, வேண்டாமா?"

"வாங்க. இந்தச் சட்டையோட வந்தா உள்ள விடமாட்டேன்."