217ஆம் இலக்கக் கூடு

பசிபிக் கடலின் நடுவே, ஆள் குடியில்லாத ஒரு தீவில் கடற்பறவைகளை எண்ணுவதுதான் பிரியந்தனின் வேலை. படகு கவிழ்ந்து செத்துப்போனான். அவன் குடும்பம் வாழும் மோர்னிங்சைட்டில் முப்பத்தோராம் நாள் சடங்கு என்றால் நினைவு மலர் அடிக்காமல் முடியாது. அந்தப் பொறுப்பைப் பழைய மாணவர் சங்கத் தலைவர் மகேஸ்வரன், யாரும் கேட்காமலேயே ஏற்றுக்கொண்டார்.

நாற்பது பக்கம், இருபத்திரண்டு அனுதாபச் செய்திகள். செத்தவனின் படத்தைவிட மகேஸ்வரனின் படம் ஒரு விரற்கடை பெரிது. அட்டையில் பென்குயின்.

"அண்ணை, அந்தத் தீவிலை பென்குயின் இல்லை," என்றாள் பிரியந்தனின் அக்கா துர்க்கா.

"கடல் பறவைதானே பிள்ளை. சனத்துக்கு உதுதான் தெரியும்."

துர்க்காவுக்கு வேண்டியது ஒரேயொரு பக்கம். தம்பி கடைசியாக அனுப்பிய மின்னஞ்சலை அதில் போடவேண்டும்.

'அக்கா, அல்பட்ரோஸ் பறவை சோடியாய்த்தான் அடைகாக்கும், மாறி மாறி. 217ஆம் கூட்டிலை ஆண் முப்பத்தெட்டு நாளாய் எழும்பேல்லை. கடலுக்குப் போன பெண் வரேல்லை. எழும்பினால் முட்டை போம். எழும்பாட்டி பசியிலை அது போம். நாளைக்கும் போய்ப் பாப்பன்.'

மகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார். "உது துக்கமாயெல்லோ கிடக்கு. மலருக்கு ஒரு கம்பீரம் வேணும்."

"அவன் எழுதினது வேறை ஒண்டும் எங்களிட்டை இல்லை அண்ணை."

"பாப்பம்."

இருபது வருடத் தலைமையில் அவர் 'பாப்பம்' என்று சொன்ன எதுவும் நடந்ததில்லை. மலர் வந்தபோது அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுத் தரகரின் இரங்கல், தொலைபேசி எண்ணோடு. கீழே, 'பசிபிக்கில் தமிழ் வளர்த்த செம்மல்.' மண்டபத்தில் மகேஸ்வரன் நாற்பது நிமிடம் பேசினார். சாம்பார் ஆறிப்போனது.

பனி மூடிய காருக்குள் ஏறியதும் தாய் மங்கையற்கரசி மலரைப் புரட்டினாள். மகனின் வேலையைக் கேட்டவர்களுக்கெல்லாம் 'கவண்மெந்து உத்தியோகம்' என்று சொல்லிச் சமாளித்தவள்.

"அவன்ரை கடிதம் எங்கை?"

"போடேல்லை அம்மா."

"அப்ப நீ வாசி."

துர்க்கா போனைப் பார்த்து வாசித்தாள்.

"பிறகு அந்தப் பெண் வந்ததோ?"

படகு கவிழ்ந்த கிழமையே கூட வேலை செய்த மற்றவர்களையும் தீவிலிருந்து ஏற்றிவிட்டார்கள்.

"தெரியாதம்மா. பாக்க அங்கை ஒருத்தரும் இல்லை."

மங்கையற்கரசி மலரை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"அந்த ஆண் எழும்பியிராது," என்றாள்.

துர்க்கா திறப்பைப் போட்டுக் காரை முடுக்கினாள். கண்ணாடியில் உறைந்திருந்த பனி மெல்ல இளகத் தொடங்கியது.