கேட் மூடியாச்சா?

நாய்கள் காப்பகத்தில் அவளுக்குத் தரகரம்மா என்றுதான் பெயர். எந்த வீட்டுக்கு எந்த நாய் பொருந்தும் என்று பார்த்துச் சேர்த்துவைப்பது அவள் வேலை. வருகிறவர்கள் எல்லாரும் நாயின் நிறத்தையும் கண்ணையும் பார்த்து மயங்குவார்கள். அவள் கேட்பதே வேறு. வீடு எத்தனை மணி நேரம் பூட்டிக் கிடக்கும், காலையில் நாயை நடத்திக் கூட்டிப்போவது யார், குரைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரா, சோபாவில் முடி ஒட்டியிருந்தால் வீட்டில் யாருக்கு முதலில் கோபம் வரும். இப்படிப் பதினொரு கேள்விகளை எழுதி அவளே ஒரு படிவம் தயாரித்திருந்தாள். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் பொறுமைசாலியான லாப்ரடார், மூட்டுவலிக்காரருக்குச் சோம்பேறிப் பக் நாய், நாள் முழுக்க வேலைக்குப் போகிறவர்களுக்கு மீன் தொட்டி. அவள் சேர்த்துவைத்த நாய்களில் திரும்பி வந்தவை மிகக் குறைவு. மனிதர்களின் கல்யாணங்கள்கூட அந்த அளவுக்குத் தேறுவதில்லை.

அன்று காலை வந்த படிவங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவள் ஒரு முகவரியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அந்த வீட்டில் அவள் ஒன்பது வருஷம் மருமகளாக இருந்திருக்கிறாள். விண்ணப்பித்திருந்தது அவள் ஓரகத்தி, கணவனுடைய அண்ணன் மனைவி. ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தரகரம்மா இங்கே வேலை பார்ப்பது அவளுக்குத் தெரியாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டில் பட்டன் என்று ஒரு நாய் இருந்தது. குட்டைக் கால், மடிந்த காது, எந்த இனம் என்று சொல்ல முடியாத பழுப்பு நிறம். தரகரம்மா என்ற பெயர் வருவதற்கு முன்பே அவள் பட்டனுக்கு அம்மாவாக இருந்தாள். ஒருநாள் விடியற்காலையில் அவளுக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி வந்து, கணவன் அவளை அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் வீடு திரும்பினால் பட்டன் இல்லை. அவசரத்தில் உன் வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துபோட்டுப் போய்விட்டார், நாய் ஓடிவிட்டது என்றாள் ஓரகத்தி. பட்டன் சாப்பிடும் தட்டு அதற்குள் ஒரு பூந்தொட்டிக்கு அடியில் தண்ணீர் ஏந்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து இவள் அழுதபோது, "நாய்தானே போச்சு" என்று சொல்லிவிட்டு ஓரகத்தி டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

தையல் காயக்கூட இல்லை, தெருத்தெருவாகத் தேடினாள். தினமும் இந்தக் காப்பகத்துக்கு வந்து ஒவ்வொரு கூண்டாகப் பார்த்தாள். மூன்று மாதம் இப்படி வந்துபோனவளைப் பார்த்துச் சலித்துப்போய், சும்மா வருவதற்குப் பதில் சம்பளத்துக்கே வாருங்கள் என்று வேலை கொடுத்துவிட்டார்கள். தனி வீடும் பார்த்தாகிவிட்டது. பட்டன் மட்டும் கிடைக்கவில்லை.

அவள் இரண்டு பேர்மேல் கறுவிக்கொண்டிருந்தாள். ஓரகத்தி எட்டாத தூரத்தில் இருந்தாள். கணவன் பக்கத்தில் இருந்தான். அதனால் அவனுக்குத் தினப்படி கிடைத்தது. அவள் கத்தவில்லை, சண்டை போடவில்லை. வீட்டை விட்டு இறங்கும்போதெல்லாம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "கேட் மூடியாச்சா?" அவ்வளவுதான். அவன் முகம் சுருங்கும். வண்டியை நிறுத்திவிட்டுப் போய்த் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வருவான். ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட அந்தக் கேள்வியை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. அவன் முகம் சுருங்குவதைப் பார்க்க அவளுக்கு வேண்டியிருந்தது.

இப்போது எட்டாத தூரத்தில் இருந்தவள் தானாக வந்து மாட்டியிருக்கிறாள். தரகரம்மா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஓரகத்தி படிவத்தில் அளந்துவிட்டிருந்த கதைகளைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. காலையில் ஒரு மணி நேரம் நடப்பாளாம். வாசலுக்குப் பேப்பர் எடுக்கப் போகவே புலம்புகிறவள். அந்த வீட்டின் உண்மையான பதில்கள் தரகரம்மாவுக்கு மனப்பாடம். வெள்ளை சோபா. கண்ணாடி அலமாரி நிறையப் பீங்கான் பொம்மைகள். ஓரகத்தி உயிரைக் கொடுத்து வளர்க்கும் ரோஜாச் செடிகள். மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கியே ஆகவேண்டிய மூத்தவர், ஓரகத்தியின் கணவர். எதற்கெடுத்தாலும் புகார் எழுதும் பக்கத்து வீட்டுக்காரர். அந்த வீட்டுக்குப் பொருந்தும் நாய் காப்பகத்திலேயே இருந்தது. திண்டு என்று ஒரு கிழட்டுப் பக். போட்ட இடத்தில் கிடக்கும்.

தரகரம்மா திண்டுவின் அட்டையை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டாள். புயலின் அட்டையை எடுத்து மேலே வைத்தாள்.

புயல் ஹஸ்கி. பனியில் வண்டி இழுக்கப் பிறந்த இனம். நீலக் கண்ணைக் காட்டி மூன்று குடும்பங்களை மயக்கியவன், மூன்று குடும்பங்களையும் உண்டு இல்லை என்று ஆக்கியவன். ஒரு நாள் ஓடவிடாவிட்டால் தோட்டத்தைத் தோண்டிவிடுவான். தனியாக விட்டால் தெருவே கேட்க ஊளையிடுவான். முடி கொட்டினால் பெருக்கி மாளாது. தாழ்ப்பாளை மூக்கால் தூக்கித் திறக்கத் தெரியும். கூட நடக்க ஆள் இருந்தால் அவனைப்போல நல்ல பிள்ளை கிடையாது. காப்பகத்தில் உதவிக்கு வரும் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் அடிக்கடி சொல்வார், உங்கள் வீட்டுக்காரர் கரண்ட் மீட்டர் பார்க்கத் தினமும் தெருத்தெருவாக நடக்கிறாரே, புயலுக்கு அவரை விட்டால் யார் என்று. "அவருக்குக் கேட் மூடத் தெரியாது" என்று அவர் வாயை அடைத்துவிடுவாள்.

ஒரு விஷயம் அவளுக்கு உறுத்தியது. நான்காவது முறை திரும்பி வரும் நாயைக் காப்பகம் மறுபடி யாருக்கும் கொடுக்காது. ஆயுசுக்கும் கூண்டுதான். புயலுக்கு இது கடைசி வாய்ப்பு. வெள்ளை சோபாவை நினைத்துக்கொண்டாள். பூந்தொட்டிக்கு அடியில் இருந்த தட்டை நினைத்துக்கொண்டாள். உறுத்தல் அடங்கிவிட்டது.

தெரிந்த குடும்பம், நான் முன்னால் வந்தால் சரிவராது என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, அடுத்த அறையில் ஒரு நாயைக் குளிப்பாட்டப் போய்விட்டாள். நடுவே மெல்லிய பலகைத் தடுப்புதான். ஒரு சொல் விடாமல் கேட்கும்.

ஓரகத்தி மூன்று மணிக்கு வந்தாள். புயலைப் பார்த்த மாத்திரத்தில் சொக்கிப்போய்விட்டாள். இந்தக் கண்ணோடு ஒரு நாய் அவள் தெருவிலேயே கிடையாதாம், போட்டோ போட்டால் எல்லாரும் வாயைப் பிளப்பார்களாம். வீட்டைப் பற்றிக் கண்டக்டர் கேட்டதற்கெல்லாம் தேனாகப் பதில் சொன்னாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் தரகரம்மா சோப்பு நுரையோடு நின்று, தலையில் கட்டியாயிற்று என்று பல்லைக் கடித்துச் சிரித்தாள்.

பதினோராவது கேள்வியைப் படிவத்தில் அச்சடித்திருந்தாலும் யாரையும் எழுதச் சொல்வதில்லை. நாயை மடிமேல் சாயவிட்டு, கடைசியாக, வாயால்தான் கேட்பார்கள். சொல்வதை அப்படியே எழுதி, வாசித்துக்காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மடியில் நாய் கிடக்கும்போது ஜனங்களுக்குப் பொய் சொல்லும் சுறுசுறுப்பு குறைந்துபோகும் என்பது தரகரம்மா கண்ட அனுபவம்.

"முன்னாடி வீட்ல நாய் இருந்துச்சாம்மா? அது இப்ப எங்க?" என்று கேட்டார் கண்டக்டர்.

"இருந்துச்சு. எங்க கொழுந்தனார் பொண்டாட்டியோடது. ஒருநாள் கேட் திறந்து கிடந்துச்சு, ஓடிப்போச்சு."

கண்டக்டர் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. அப்படியானால் புயல் கிடைக்காது என்றார். கேட் வழியாக ஒரு நாய் தொலைந்துபோன வீட்டுக்கு ஹஸ்கியைக் கொடுப்பதில்லை, தரகரம்மா போட்ட விதி, யாருக்காகவும் மாற்ற முடியாது. திண்டு என்று ஒரு பக் இருக்கிறது, பார்க்கிறீர்களா என்றார். வஞ்சம் தீர்க்கும் அவசரத்தில் தரகரம்மா அந்த விதியை மறந்தே போயிருந்தாள். தான் போட்ட விதியே தன் காலை வாருகிறதே என்று கண்டக்டர்மேல் எரிச்சலாக வந்தது.

ஓரகத்தி விடவில்லை. "ஐயோ, எங்க கேட்ல ஒரு குறையும் இல்ல சார். அன்னிக்கும் மூடித்தான் இருந்துச்சு. ஒரு பேச்சுக்கு அப்படிச் சொன்னேன்."

"அப்புறம் நாய் எப்படிப் போச்சு?"

"நான்தான் கார்ல கூட்டிட்டுப் போய் விட்டேன்." ஓரகத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். "வீடெல்லாம் முடி சார். அவ ஆஸ்பத்திரில இருந்தா, இதான் சமயம்னு கூட்டிட்டுப் போய், பெரிய பாலம் தாண்டி இறக்கி விட்டேன். பிஸ்கட்டெல்லாம் வச்சிட்டுத்தான் வந்தேன். அதைத் தொடக்கூட இல்ல, கார் பின்னாலயே ஓடி வருது, குட்டைக் காலை வச்சிக்கிட்டு. விளையாடுறோம்னு நினைச்சிருக்கும்போல."

குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நாய் உடம்பை உதறியதில் முகமெல்லாம் தண்ணீர். தரகரம்மா துடைத்துக்கொள்ளவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவள் தேடியதே இல்லை. கேட்டைத் தாண்டி ஓடிய குட்டைக்கால் நாய் அவ்வளவு தூரம் போயிருக்காது என்று கணக்குப் போட்டுப் பக்கத்துத் தெருக்களையே மூன்று மாதம் சுற்றியிருந்தாள். அதே காருக்குப் பின்னால் புயல் ஓடுவதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரு மாதம் தாங்குமா வெள்ளை சோபா? அதற்குப் பிறகு ஓரகத்தி காப்பகத்துக்கா கொண்டுவந்து விடுவாள்? பாலம் தெரிந்த பாலம்தானே.

அந்தப் பக்கம் கண்டக்டர் ஒரு சொல்லும் விடாமல் எழுதி, வாசித்துக்காட்டி, கையெழுத்தும் வாங்கிவிட்டார். டிக்கெட் கிழித்த கை, எதையும் பாதியில் விடாது.

தரகரம்மா ஈர ஏப்ரனோடு உள்ளே வந்தாள். ஓரகத்தியின் கையிலிருந்த புயலின் கயிற்றை வாங்கிக்கொண்டாள். மேசையில் இருந்த படிவத்தை எடுத்து, பொருந்தும் இனம் என்ற இடத்தில் 'எதுவும் இல்லை' என்று எழுதி முத்திரையைக் குத்தினாள். ஓரகத்தியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ இங்கதான் இருக்கியா?" என்றாள். பிறகு, ஆறு வருஷம் ஆகிவிட்டது, ஒரு நாய்க்காக இன்னுமா என்று இழுத்தாள்.

"அக்கா, நாய்க்கு நான் அழுது முடிச்சாச்சு. கேட்டைத் திறந்துபோட்டது அவர்தான்னு சொன்னீங்களே, அதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஏதோ வாய்க்கு வந்தது, சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் பெரிசா எடுத்துக்கலையே."

தரகரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணி. கணவன் வேலை முடிந்து அவளை அழைத்துப்போக வந்து நிற்கும் நேரம். "வெளிய உங்க கொழுந்தனார் நிக்கிறார். இங்க சொன்னதை அவர்கிட்டயும் ஒரு வார்த்தை விடாமச் சொல்லிட்டுப் போங்க. சொல்லலைன்னா உங்க கையெழுத்தோட இந்தத் தாள் இன்னிக்கே குடும்ப வாட்ஸ்அப்ல போகும். மூத்தவர்ல இருந்து உங்க சம்பந்தி வரைக்கும் எல்லாரும் படிப்பாங்க."

ஓரகத்தி கண்டக்டரைப் பார்த்தாள். அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

தரகரம்மா புயலோடு ஜன்னல் அருகே நின்றாள். ஓரகத்தி தலைகுனிந்து நிற்பதைக் கண் நிறையப் பார்க்க வேண்டும், ஆறு வருஷத்துப் பசி அது. கேட் அருகே ஓரகத்தி பேசுவது தெரிந்தது, கைகளைப் பிசைவது தெரிந்தது. ஆனால் தரகரம்மாவின் கண் அங்கே நிற்கவில்லை. கணவனையே பார்த்தது. அவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். திட்டவில்லை. ஓரகத்தி வேகமாகக் காரில் ஏறிப் போய்விட்டாள், கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு.

அவன் போய் அதை மூடினான். தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். இரண்டாம் முறை இழுத்துப் பார்த்தான். பிறகு அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான். வெகுநேரம் நின்றான்.

உள்ளே வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. ஓரகத்தியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ ஏன் நம்பினாய் என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்போ நான் கேட்டை மூடிட்டுத்தான் போயிருக்கேன், இல்ல?" என்றான்.

கேள்வி கேட்டே பழகியவள் புயலின் கயிற்றைத் தளர்த்திவிட்டாள். புயல் அவன் காலணியை மோந்துபார்த்துவிட்டு, அன்று அவன் நடந்த தெருக்களின் வாசனை எல்லாம் அதில் இருந்ததாலோ என்னவோ, அவன் பாதத்தின் மேலேயே படுத்துக்கொண்டான்.

"மூடிட்டுத்தான் போனீங்க," என்றாள்.