கேமராவுக்கு வைத்த பொட்டு

கொட்டச்சேடு கிராமத்து மலருக்கு ஏற்காடு லாட்ஜில் ரூம் சுத்தம் பண்ணுகிற வேலை நொம்பப் பிடிக்கும், கண்ணுகளா. ஆனால் ஊரில் அவள் ஊட்டில் மாமனார் ஐயாக்கண்ணு தனியாக இருப்பார். ஞாபகம் வரும், போகும். ஒருநாள் காப்பித் தோட்டத்துக்குள் நடந்து போனவரை ஊரே தேடிக் கூட்டி வந்தது. "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா வேலைய உட்டுரு" என்று சொல்லிவிட்டான் புருஷன் சின்னராஜ். ஜீப் ஓட்டுகிறவன், அவனாலும் ஊட்டில் இருக்க முடியாது.

லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கிற ஜாபெஸ்தான் வழி சொன்னான். அங்கே மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து மலர் ஊட்டில் வைத்தான். வாசலைப் பார்த்தபடி ஒரு கேமரா மாட்டி அதோடு இணைத்தான். கேமரா பார்ப்பதையெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கும். மலர் போனில் பார்க்கலாம், கேமரா வழியாகவே மாமனாரோடு பேசலாம்.

ஆயுத பூஜை லீவுக்கு லாட்ஜ் நிரம்பி வழிந்தது. படுக்கை விரிப்பு மாற்றிவிட்டு வந்து மலர் போனைப் பார்த்தாள். வாசலைக் காணோம். ஒரே சிவப்பு.

லாட்ஜுக்கு ஆளை இறக்கிவிட வந்த சின்னராஜ் எட்டிப் பார்த்தான். "பாத்தியா? கேமராவும் போச்சு, அப்பா எங்க போனாரோ. கெளம்பு. இனி வேலைக்கு வர வேண்டாம்."

மலர் பையை எடுக்கப் போனாள்.

"இருங்கண்ணா" என்றான் ஜாபெஸ். "மலரக்கா, பின்னாடி ஓட்டிப் பாருங்க. கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள இருக்கும்."

ஓட்டினாள். ஐயாக்கண்ணு குளித்து, வேட்டி மாற்றி, முக்காலி போட்டு ஏறுகிறார். விரல் நிறையச் சந்தனம், அதன்மேல் குங்குமம். அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் வைத்தவர் கேமராவை மட்டும் விடுவாரா? நேராகக் கண்ணாடியிலேயே அப்பிவிட்டார்.

"எறங்குனாரோ, உழுந்தாரோ" என்றான் சின்னராஜ்.

மலர் போனை வாயருகே வைத்தாள். "மாமா! எங்க இருக்கீங்க?"

மறுபடியும் கூப்பிட்டாள். அப்புறம், "இங்கதான் சாமி. பொரி தின்னுட்டிருக்கறேன்."

"அதோட கண்ணுல பொட்டு வெச்சுட்டீங்க மாமா. உங்களத் தெரியமாட்டேங்குது. கொம்புல துண்டச் சுத்தி, கீழ நின்னே தொடைங்க."

சிவப்பு கலைந்தது. வாசல் வந்தது, கையில் கொம்பும் வாயில் பொரியுமாக மாமனாரும் வந்தார்.

"ஏஞ்சாமி, அதுக்கு நெத்தி எதுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

சின்னராஜ் சிரித்துவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப் சாவியை எடுத்தான்.

"ஏனுங்க, நாளைக்கு?" என்றாள் மலர்.

"நானே கொண்டாந்து உடறேன். அதுக்கு முன்னால அந்த முக்காலிய எங்கியாவது ஒளிச்சு வை."